பனையோலைப் பொருட்களைப் படமெடுக்கும்போது ஒளியும் நிறமும் ஒவ்வொரு நாளும் மாறுவது ஏன்?

கேள்வி: குருத்தோலை, வட்டக்கச்சி

வணக்கம். எங்கள் ஊரில் பனையோலைக் கைவேலை தெரிந்த பெண்கள் சிலர் சிறு குழுவாகச் சேர்ந்து கடகம், சுளகு, மூடற்பெட்டி, நீத்துப்பெட்டி போன்ற பழைய பொருட்களையும், சாயமூட்டிய ஓலையில் கைப்பை, தொப்பி, பேனைக்கூடு போன்ற புதியவற்றையும் இழைத்து விற்கிறோம். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருப்பவர்கள் படத்தைப் பார்த்தே பொருளைத் தெரிவுசெய்கிறார்கள். படமெடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதில் எனக்குப் பிடிபடாத ஒரு சிக்கல் தொடர்ந்து இருந்து வருகிறது.

ஒவ்வொரு கிழமையும் வந்துசேரும் புதிய பொருட்களைப் படமெடுத்து எங்கள் பக்கத்தில் சேர்க்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் படங்களில் பெரிய குறை தெரியாது. வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு ஆள் எடுத்தது போல இருக்கிறது. சாயமிடாத அதே ஓலை ஒரு படத்தில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலம் கலந்த வெண்மையாகவும் தெரிகிறது. கருஞ்சிவப்புப் பெட்டியை எடுத்தால் பின்னாலுள்ள வெள்ளைத் தாள் முற்றாக வெளுத்துப் போகிறது; குருத்தோலையில் இழைத்த வெளிர்நிறத் தொப்பியை அதே இடத்தில் வைத்து எடுத்தால் தாளும் தொப்பியும் சேர்ந்து மங்கிச் சாம்பல் நிறமாகின்றன. அண்மையில் ஒருவர், படத்தில் கண்ட பச்சையும் கையில் கிடைத்த பையின் பச்சையும் ஒன்றல்ல என்று எழுதியிருந்தார். இழைத்தவருடைய வேலையில் எந்தக் குறையும் இல்லாதிருக்க, படத்தின் காரணமாக அவருடைய பொருள் திரும்பி வருவது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

நான் படமெடுப்பது எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் அறையொன்றில். ஏறத்தாழ பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள அந்த அறைக்கு வெளிர்பச்சை நிறம் பூசியிருக்கிறோம். வடக்குப் பார்த்த யன்னல் ஒன்று உண்டு. அதற்கு வெளியே செம்மண் முற்றமும் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. கூரையில் ஓர் எல்.ஈ.டி. மின்குமிழும், மேசைக்கு அருகில் வேறொரு மின்குமிழும் எரியும். கமரா பழைய கனன். வில்லை அதனுடன் வந்த 18–55 மில்லிமீற்றர். எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும் ஓட்டோ முறையில்தான் எடுக்கிறேன். வீட்டு வேலைகள் முடிந்த பின்னரே நேரம் கிடைப்பதால் சில நாள் காலையிலும் சில நாள் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் எடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சொஃப்ட்பொக்ஸ்களும் (ஒளியை மென்மையாக்கும் வெள்ளைத் துணிப் பெட்டிகள்) அவற்றுக்கான சி.எஃப்.எல். மின்குமிழ்களும் கொண்ட ஒரு தொகுதியை இணையத்தில் பார்த்தேன். குழுவின் பணத்தில் அதை வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா, அல்லது இருப்பதைக் கொண்டே திருத்திக்கொள்ள முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.


பதில்: வெண்திரை, வவுனியா

வணக்கம் சகோதரி. நான் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்துகிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் புதிய விளக்கு எதை வாங்கினாலும், அது இருக்கிற குழப்பத்தில் இன்னுமொரு ஒளியைச் சேர்க்குமே தவிர வேறெதையும் செய்யாது. ஆகவே பணத்தை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள்.

முதலாவது, கருஞ்சிவப்புப் பெட்டியும் வெளிர்நிறத் தொப்பியும் தொடர்பானது. கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி பொருளின்மேல் விழும் ஒளியை அளப்பதில்லை; பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அளக்கிறது. தான் பார்க்கும் காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தைப் போல ஒளியைத் தெறிக்கும் என்ற எடுகோளின்மேல்தான் அது இயங்குகிறது. கருமையான பெட்டி சட்டத்தை நிறைக்கும்போது, வெளிச்சம் போதவில்லை என்று கருதி அது படத்தை வெளிச்சமாக்குகிறது. அதனால் பின்னாலுள்ள தாள் வெளுத்துப் போகிறது. வெள்ளைத் தாளில் வெளிர்நிறத் தொப்பி இருக்கும்போது, வெளிச்சம் மிகையாகிவிட்டது என்று கருதிக் குறைக்கிறது. அதனால் இரண்டும் சாம்பலாகின்றன. அறையின் ஒளி அணுவளவும் மாறாதிருந்தாலும், பொருள் மாறினாலே ஓட்டோ முறையில் வெளிச்ச அளவும் மாறிவிடும் என்பதை நீங்கள் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு நம்பகமான தீர்வு, எல்லாவற்றையும் நாமே நிலைநிறுத்தும் மனுவல் முறைக்கு மாறுவதுதான். ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறனை 100 ஆகவும், வில்லையின் துவாரத்தை எஃப் 8 ஆகவும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்) நிலைநிறுத்தி, ஷட்டர் வேகத்தை ஒருமுறை சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், அந்த ஒளியில் கருப்புப் பொருள் கருப்பாகவும் வெள்ளைப் பொருள் வெள்ளையாகவும் வந்துசேரும். மனுவல் முறையிலும் ஐ.எஸ்.ஓ.வை ஓட்டோவில் விட்டால் கமரா பின்கதவால் தன் தீர்மானத்தைச் செய்துவிடும், அதையும் நிறுத்துங்கள். கனன் கமராக்களில் ஓட்டோ லைட்டிங் ஒப்டிமைசர் என்றும், நிக்கனில் அக்டிவ் டி-லைட்டிங் என்றும் உள்ள வசதிகள் ஒவ்வொரு படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகத் திருத்துபவை என்பதால் அவற்றையும் அணைத்துவிடுங்கள்.

எஃப் 8 என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களிடம் உள்ள வகை 18–55 வில்லையின் ஆகப் பெரிய துவாரம் 18 மில்லிமீற்றரில் எஃப் 3.5 ஆகவும் 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 ஆகவும் இருக்கும். முழுத் துவாரத்தில் வைத்துக்கொண்டு அண்மையாக்கினால் ஒளி தானாகவே குறைந்துவிடும். எஃப் 8 இரு முனைகளிலும் கிடைக்கும். அத்துடன் ஒரு கடகத்தின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை ஓலையின் பின்னல் தெளிவாகத் தெரிவதற்கும் அந்த அளவு துவாரம் தேவை.

இரண்டாவது, நிறம். உங்கள் மேசையில் குறைந்தது ஐந்து ஒளிகள் விழுகின்றன: யன்னல் வழியே வரும் வான ஒளி, வேப்பமரத்தில் பட்டு வரும் பச்சை, செம்மண்ணில் பட்டு வரும் செம்மை, வெவ்வேறு இன இரு மின்குமிழ்கள். பச்சைச் சுவரில் தெறிப்பதையும் சேர்த்தால் ஆறு. காலையில் யன்னல் ஒளி மேலோங்கியிருக்கும். மாலையில் மின்குமிழ்கள் மேலோங்கும். ஒளியின் நிறத்தை நிறவெப்பநிலை என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். மேக ஒளியின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 6500 கெல்வின்; மஞ்சள் ஒளி தரும் வீட்டு மின்குமிழ் ஏறத்தாழ 2700 முதல் 3000 கெல்வின். பொருளின் ஒரு பக்கத்தில் ஒன்றும் மறுபக்கத்தில் மற்றதும் விழுந்தால், வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரியக் கமரா நிறத்தைத் திருத்தும் அமைப்பை) எந்த இடத்தில் வைத்தாலும் ஒரு பக்கம் நீலமாகவோ மறுபக்கம் மஞ்சளாகவோதான் நிற்கும். பின்னர் கணினியிலும் அதை முழுமையாகத் திருத்த முடியாது. ஆகவே ஒரே ஓர் ஒளியைத் தெரிவுசெய்து மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். யன்னல் என்றால் மின்குமிழ்களை அணையுங்கள். விளக்கு என்றால் யன்னலை மூடுங்கள்.

மூன்றாவது, தூரம். பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். சிறிய ஒளிமூலம் ஒன்றின் ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்பங்காகிவிடும். விளக்கு மூன்றடியில் இருந்து நான்கடிக்கு நகர்ந்தாலே, முன்னர் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 56 வீதம்தான் பொருளை வந்தடையும். குடை, சொஃப்ட்பொக்ஸ் போன்ற அகன்ற மூலங்கள் மிக அருகில் இருக்கும்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுவேதான். மேசைக் கால்கள், விளக்குத் தாங்கி, கமராத் தாங்கி ஆகியவை நிற்கும் இடங்களை நிலத்தில் ரேப் ஒட்டி அடையாளப்படுத்துங்கள். பொருள் வைக்கும் இடத்தையும் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் படமெடுத்து முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி அறையை வெறுமையாக்க வேண்டியிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த அடையாளங்கள் எந்த விளக்கையும் விடப் பெறுமதியானவை.

இனி வாங்குவது பற்றி. நீங்கள் பார்த்த சி.எஃப்.எல். தொகுதி இருட்டறையில் வேலை செய்யும். பகலில் யன்னல் ஒளியை வெல்லும் வலு அதற்குக் கிடையாது. ஆகவே பகலில் கலப்பொளிச் சிக்கல் அப்படியே இருக்கும். உங்களுடைய நேரம் காலையும் மாலையுமாக மாறுவதால், மனுவல் முறையில் இயங்கும் ஒரு பிளாஷும், ஒளி ஊடுருவும் ஒரு வெள்ளைக் குடையும், ஒரு தாங்கியும், கமராவிலிருந்து பிளாஷை இயக்கும் ஒரு ட்ரிகரும் போதும் என்பது என் கருத்து. பிளாஷின் ஒளி ஒரு செக்கனின் மிகச் சிறிய பங்கு நேரத்திலேயே முடிந்துவிடுவதால், அது தரும் வெளிச்சத்தை ஷட்டர் வேகம் மாற்றாது, துவாரம், ஐ.எஸ்.ஓ., பிளாஷின் வலு, தூரம் ஆகியவை மட்டுமே மாற்றும். ஷட்டர் வேகம் அறையில் ஏற்கனவே இருக்கும் ஒளியை மட்டும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே ஷட்டரை 1/160 செக்கனில் வைத்துப் பிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். படம் முழுக் கறுப்பாக வந்தால் அறையின் வேறெந்த ஒளியும் உங்கள் படத்தில் பங்குகொள்ளவில்லை என்று பொருள். அதன்பின் காலை எடுத்ததும் மாலை எடுத்ததும் ஒன்றாகவே இருக்கும். ஏதாவது உருவம் தெரிந்தால் யன்னலை இன்னும் மூடுங்கள். ஷட்டரை மேலும் வேகமாக்குவதற்கு எல்லை உண்டு: ஆரம்பநிலைக் கமராக்கள் பலவற்றில் 1/200 செக்கனைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

பிளாஷில் டி.டி.எல். முறையைத் தவிர்த்துவிடுங்கள். அதுவும் ஒவ்வொரு படத்துக்கும் தெறிப்பொளியை அளந்து வலுவை மாற்றுவதால், கருஞ்சிவப்புப் பெட்டிச் சிக்கல் அங்கேயும் வந்து நிற்கும். நாலில் ஒரு பங்கு வலுவில் தொடங்கி, குடையைப் பொருளிலிருந்து மூன்றடியில் சற்று மேலாகவும் ஒரு பக்கமாகவும் நிறுத்தி, மறுபக்கத்தில் வெள்ளை றெஜிபோம் அட்டை ஒன்றை வையுங்கள். இரண்டாவது விளக்கு தேவையில்லை. பனையோலையின் அழகு அதன் பின்னலில் இருக்கிறது. இரு பக்கமும் சம வலுவில் ஒளி விழுந்தால் பின்னலின் மேடுபள்ளம் மறைந்து, ஓலை அச்சடித்த தாள் போலாகிவிடும்.


பதில்: செம்மண், புதுக்குடியிருப்பு

வெண்திரை அண்ணா எழுதிய மூன்று காரணங்களையும் ஏற்றுக்கொள்கிறேன். யன்னலை மூடிவிட்டுப் பிளாஷ் வாங்குவதைத் தவிர வழியில்லை என்ற தொனியில் முடித்ததை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் யன்னல் ஒளியில் மட்டுமே பொருட்களைப் படமெடுத்து வருகிறேன். செலவில்லாமல், பனையோலைக்கு மிகவும் பொருந்துகின்ற மென்மையான ஒளி அது. ஆனால் அதைக் கையாள எங்கள் வானத்தை அறிந்திருக்க வேண்டும்.

வடக்குப் பார்த்த யன்னலே படமெடுக்கச் சிறந்தது, அதில் நேர்வெயில் விழாது என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் அது பெரும்பாலும் உண்மை. அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். வன்னி ஏறத்தாழ ஒன்பது பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாட்களில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேராக வந்து, அதன்பின் வடக்கே கடந்து, ஆகஸ்ட் இறுதியில் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேலான காலத்தில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. உங்கள் வடக்கு யன்னலுக்குள் அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வெயில் சரிந்து நுழையும். நண்பகலில் சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் கூரைத் தாழ்வாரமே அதை மறைத்துவிடும். நீங்கள் எடுப்பதோ காலையும் நான்கு மணிக்குப் பின்னரும். ஓலை மஞ்சளாகத் தெரிந்த படங்கள் எந்த மாதத்தில் எடுத்தவை என்று பாருங்கள். சிறுபோகக் காலத்துப் படங்களாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. செப்டெம்பர் இறுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை அதே யன்னல் நேர்வெயில் படாத, சீரான யன்னலாக இருக்கும்.

செம்மண் முற்றத்தையும் குறைவாக மதிக்க வேண்டாம். வெயில் முற்றத்தில் விழும்போது நிலத்திலிருந்து மேலே தெறிக்கும் ஒளி செம்மஞ்சள் கலந்து, மேசையின் கீழ்ப்பக்கமாக வருகிறது. பொருளின் அடிப்பாகம் மட்டும் சிவந்து தெரிவதற்கு அதுவே காரணம். யன்னலின் கீழ்ப்பாதியை வெள்ளை அட்டையால் மறைத்தால் முற்றத்தின் ஒளி நின்று வானத்தின் ஒளி மட்டும் வரும். வேப்பமரத்துக்கு, வெட்டாமல் செய்யக்கூடியது, யன்னலுக்கு உட்புறமாக வெள்ளை வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து இறுக்கிக் கட்டுவது. நீலம் போடாத, பலமுறை துவைத்த வேட்டியாக இருந்தால் நல்லது. அப்போது வேட்டியே ஒளிமூலமாகிறது. வெளியே எது மாறினாலும் ஒளி வரும் திசையும் மென்மையும் மாறாது. அளவும் நிறமும் மாறும், அது வேறு விடயம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னற் கதவுக் கண்ணாடியைச் சாத்தியபின் வேட்டியைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அது ஊதிப் புடைத்து ஒவ்வொரு படத்திலும் வேறு தூரத்தில் நிற்கும்.

அந்த மாற்றத்தைச் சமாளிக்க வழி, ஒவ்வொரு பொருளின் முதற் படத்திலும் சாம்பல் அட்டை (வேறு நிறச் சாய்வில்லாத, அளவறிந்த சாம்பல் நிற அட்டை) ஒன்றை அதே இடத்தில் வைத்து எடுப்பதுதான். மாரிகாலத்தில், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, முகில் ஒன்று கடக்கும் நேரத்துக்குள் வெளிச்சம் பாதியாகிவிடலாம். சாம்பல் அட்டைப் படம் இருந்தால் எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நீலமானது என்பது இரண்டும் அந்த ஒரு படத்திலேயே பதிந்திருக்கும். ஜேபெக் கோப்புக்குப் பதிலாக, கமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே சேமிக்கும் றோ கோப்பாக எடுங்கள்; அட்டைப் படத்தில் வெண்சமநிலையையும் வெளிச்சத்தையும் திருத்தி, அதே திருத்தத்தை அந்தப் பொருளின் எல்லாப் படங்களுக்கும் ஒரே தடவையில் பிரயோகிக்க டார்க்டேபிள், றோதெரபீ போன்ற இலவச மென்பொருட்களே போதும். கமரா தாங்கியில் இருக்கும்போது ஷட்டர் கால் செக்கன் திறந்திருந்தாலும் கடகம் அசையப் போவதில்லை. ஆகவே ஒளி குறைந்துவிட்டது என்று ஐ.எஸ்.ஓ.வைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. ஷட்டரை அழுத்தும்போது கமரா ஆடாமல் இருக்க இரண்டு செக்கன் ரைமரைப் பயன்படுத்துங்கள்.


பதில்: பூவரசு, மல்லாவி

கைத்தொலைபேசியில் எடுக்கும் உறுப்பினர்களுக்காக மட்டும் ஒரு குறிப்பு. திரையில் பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல தொலைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் பூட்டப்படும். வெண்சமநிலை பூட்டப்படாமல் நிறம் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கலாம். புரோ முறை இருந்தால் அங்கே ஐ.எஸ்.ஓ., ஷட்டர், கெல்வின் மூன்றையும் எண்ணாகவே கொடுத்து நிலைநிறுத்துங்கள். எச்.டி.ஆர். (பல வெளிச்ச அளவுகளை ஒன்றாகக் கலக்கும் வசதி), அழகூட்டல் ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள்.


குருத்தோலை, வட்டக்கச்சி

வெண்திரை ஐயாவுக்கும் செம்மண் அவர்களுக்கும் பூவரசு அவர்களுக்கும் மிக்க நன்றி. பழைய படங்களின் திகதிகளைப் பார்த்தேன். மிகவும் மஞ்சளாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை ஜூன், ஜூலை மாத மாலைகளில் எடுத்தவையே. மனுவல் முறையில் வைத்து, யன்னலுக்கு வேட்டி கட்டி, கருஞ்சிவப்புப் பெட்டியையும் தொப்பியையும் அடுத்தடுத்து எடுத்தபோது இரண்டிலும் தாள் ஒரே வெண்மையாக வந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் அந்த இரு படங்களையும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் மூன்று ஐயங்கள் உண்டு. மாலையில் யன்னலை மூடி மின்குமிழ் ஒளியில் மட்டும் எடுத்துப் பார்த்தபோது சில படங்களில் குறுக்காக மங்கலான பட்டைகள் விழுந்தன. வேறு சிலவற்றில் விழவில்லை. அத்துடன் மாலை ஆறு மணிக்குப் பின்னர் எங்கள் பக்கத்தில் மின்னழுத்தம் குறைந்து மின்குமிழ்கள் மங்குவது வழமை. பிளாஷ் வாங்கும் வரை அந்த நேரத்தில் எடுக்கவே முடியாதா? இரண்டாவது, பச்சைச் சுவரை என்ன செய்வது? மூன்றாவது, சாம்பல் அட்டை கிடைக்கும் வரை வெள்ளைத் தாளை வைத்து வெண்சமநிலை செய்யலாமா?


பதில்: மின்சுற்று, கிளிநொச்சி

நான் படப்பிடிப்பாளன் அல்லன். மின்னியல் வேலை செய்பவன் என்பதால் பட்டைகளையும் மின்னழுத்தத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை ஓட்டம் உச்சத்தை அடைவதால், தரம் குறைந்த மின்குமிழ்களின் ஒளி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண் அதைப் பிடிக்காது. வேகமான ஷட்டர் பிடித்துவிடும். ஷட்டர் 1/100 செக்கன் திறந்திருந்தால் ஒரு முழு ஏற்றவிறக்கம் உள்ளே வரும். 1/50 என்றால் இரண்டு, 1/25 என்றால் நான்கு. இந்த வேகங்களில் எந்தக் கணத்தில் அழுத்தினாலும் மொத்த ஒளி ஒன்றாகவே இருக்கும். 1/160, 1/200 போன்ற வேகங்களில் ஏற்றவிறக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே அகப்படுகிறது. ஷட்டரின் திரை சட்டத்தைக் கடந்து செல்லும்போது சட்டத்தின் ஒரு பகுதிக்கு உச்ச ஒளியும் இன்னொரு பகுதிக்குத் தாழ்ந்த ஒளியும் கிடைப்பதால்தான் பட்டை விழுகிறது. உங்களுக்குச் சில படங்களில் விழுந்து சிலவற்றில் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டர் வேகம் படத்துக்குப் படம் மாறியதாக இருக்கலாம். கமராவைத் தாங்கியில் வைத்து 1/25 செக்கனிலோ அதைவிட மெதுவாகவோ எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மின்னழுத்தக் குறைவில் எல்லா மின்குமிழ்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பழைய இழை மின்குமிழில் அழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். இழை குளிர்வதால் நிறமும் சிவக்கும். ஹலஜன் விளக்கும் இந்த இனந்தான். எல்.ஈ.டி.யில், மாறா ஓட்டத்தை வழங்கும் நல்ல ட்ரைவர் உள்ளே இருந்தால் அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குள் கூடிக் குறைந்தாலும் ஒளி அசையாது. மலிவான மின்குமிழ்களில் அந்தச் சுற்று இருப்பதில்லை, அவை அழுத்தத்தோடு சேர்ந்து மங்கும். மாலையில் அழுத்தம் விழும் நேரத்தில் எந்த மின்குமிழ் மங்காமல் எரிகிறதோ அதையே படத்துக்கு எடுங்கள். அதே பொதியின் அதே இன மின்குமிழ் இரண்டை வாங்கி ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். பொதியில் சி.ஆர்.ஐ. என்ற நிறக்காட்டுச் சுட்டெண் 90க்கு மேல் இருக்க வேண்டும். சுட்டெண் தாழ்ந்த விளக்கின் ஒளியில் சில அலைநீளங்கள் குறைவாக இருப்பதால், சாயமூட்டிய சிவப்பும் பச்சையும் வெண்சமநிலை செய்த பின்னரும் பிழையாகவே நிற்கும். உங்கள் பச்சைப் பையின் முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சி.எஃப்.எல். ஆக இருந்தால், ஏற்றிய உடனே எடுக்காமல் சில நிமிடங்கள் எரியவிட்டு முழு ஒளிக்கு வந்தபின் எடுங்கள்.

பிளாஷ் மின்கலத்தில் இயங்குவதால் வீட்டு மின்னழுத்தம் அதைத் தொடாது. ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உள்ளேயிருக்கும் கொள்ளளவி முழுமையாக நிரம்ப முன்னர் அழுத்தினால் அடுத்த படம் இருண்டு வரும். தயார் விளக்கு எரிந்த பின்னரும் ஓரிரு செக்கன் பொறுத்து எடுப்பது நல்லது. ஏ.ஏ. அளவுள்ள, மறுபடி ஏற்றக்கூடிய நிக்கல் உலோக ஐதரைட்டு மின்கலங்கள் நான்கை ஒரே நேரத்தில் ஏற்றி ஒரே தொகுதியாகப் பயன்படுத்துங்கள்; பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.


பதில்: வெண்திரை, வவுனியா

செம்மண் தம்பி சூரியனைப் பற்றி எழுதியதை என்னிடம் பயில வரும் பிள்ளைகளுக்கும் காட்டினேன். ஒழுங்காக நண்பகலை அண்டி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு வேட்டி கட்டிய யன்னல் போதும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நேரம் தன் கையில் இல்லாதவருக்குப் பிளாஷ் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வீட்டுவேலைக்கிடையில் படமெடுக்கும் ஒரு பெண்ணிடம் நண்பகலில் மட்டும் எடுங்கள் என்று சொல்வது எளிது, செய்வது அவருக்கு அரிது.

பச்சைச் சுவருக்கு: மறுபடி நிறம்பூசும் காலம் வரும்போது அந்த ஒரு அறைக்கு மினுக்கமில்லாத வெள்ளை பூசுங்கள். அதுவரை மேசைக்கு இரு பக்கமும் பின்னாலும் வெள்ளைத் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டால் போதும். மேலே சீலிங் இல்லாமல் ஓடு தெரிந்தால் அதன் செம்மையும் இறங்கும். குடையைப் பயன்படுத்தும்போது அதன் பின்பக்கமாக மேலே செல்லும் ஒளி ஓட்டில் பட்டுத் திரும்பாதபடி மேசைக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைப் பந்தல் போலக் கட்டுங்கள். நீங்கள் படமெடுக்கும்போது உடுத்தியிருக்கும் உடையின் நிறமும் அருகிலிருக்கும் பொருளில் தெறிக்கும் என்பதால் வெள்ளை அல்லது சாம்பல் நிறச் சட்டை நல்லது.

வெண்சமநிலைக்குச் சாதாரண எழுதுதாள் முழுமையாகப் பொருந்தாது. தாளை வெண்மையாகக் காட்டுவதற்காக அதில் சேர்க்கும் வெளிர்ப்பிகள் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. அந்த நீலத்தைக் கமரா நடுநிலை என்று எடுத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் சற்று மஞ்சளாகச் சாய்ந்துவிடும். பனையோலைக்கு அந்தச் சாய்வு கண்ணுக்கு இதமாகத் தெரிவதால் பிழை என்று பிடிபடாமலே போய்விடும். ஒளிப்படத்துக்கென்று விற்கும் சாம்பல் அட்டையின் விலை ஒரு விளக்கின் விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. உங்கள் குழு முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். அது வரும் வரை வெள்ளை றெஜிபோம் துண்டு ஒன்றை எடுத்து, எப்போதும் அதே துண்டையே பயன்படுத்துங்கள். நிறம் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாவிட்டாலும் எல்லாப் படங்களும் ஒரே அளவில் விலகியிருக்கும். பின்னர் ஒரே திருத்தத்தில் எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

அட்டை கைக்கு வந்ததும், பொருள் இருக்கும் இடத்தில் அதைக் கமராவை நோக்கி நிறுத்தி எடுத்து, கணினியில் அதன் நடுப்பகுதியின் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். 18 வீதம் ஒளியைத் தெறிக்கும் அட்டைக்கு, எஸ்.ஆர்.ஜி.பி. எனும் வழமையான நிற முறையிலுள்ள படத்தில் மூன்று எண்களும் ஏறத்தாழ 118 ஆக இருக்க வேண்டும். கமராக்கள் தமது வழக்கப்படி படத்தின் மாறுபாட்டைக் கூட்டுவதால் உங்களுக்கு அது சற்று விலகி வரலாம், அதனால் தீங்கில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதும், இந்தக் கிழமை வந்த எண் அடுத்த கிழமையும் வருவதுமே முக்கியம். கமராவின் சிறிய திரையையோ தொலைபேசியையோ பார்த்து வெளிச்சத்தைத் தீர்மானிக்க வேண்டாம். வெயிலில் திரை மங்கலாகவும் இருட்டறையில் பிரகாசமாகவும் தெரிந்து கண்ணை ஏமாற்றும்.

ஒரு கொப்பியில் ஐ.எஸ்.ஓ., துவாரம், ஷட்டர், பிளாஷின் வலு, குடைக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம், பின்தாளுக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம், அட்டையின் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெரிய கடகத்துக்கும் சிறிய பேனைக்கூட்டுக்கும் தூரம் வேறுபடும் என்பதால் இரண்டு அல்லது மூன்று அளவுகளுக்குத் தனித்தனிப் பக்கம் போதும். நீங்கள் வரமுடியாத நாளில் குழுவிலுள்ள இன்னொருவர் அந்தக் கொப்பியைப் பார்த்து, நிலத்திலுள்ள ரேப் அடையாளத்தில் தாங்கிகளை நிறுத்தி, அட்டையின் எண் பொருந்துகிறதா என்று பார்த்தபின் படமெடுக்கலாம்.